தொட்டிப்பாலத்து வீடு

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் ஓடும் கால்வாயின் கரையில் ஒரு செங்கல் வளைவு நிற்கிறது. ஒரு காலத்தில் அதன் கூட்டாளிகளான வேறு வளைவுகளும் கால்வாயைத் தாண்டி அந்தக் கரை வரைக்கும் வரிசையாக நின்றிருக்க வேண்டும். இப்போது மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். அதன் ஒரு தோள் புல்வெளியில் புதைந்திருக்கிறது. மறு தோள் தண்ணீருக்கு மேலே சட்டென்று முடிந்துவிடுகிறது. முடியும் இடத்தில் செங்கற்கள் பல்வரிசைபோல வெளியே தெரியும். உச்சியில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு ஒரு தொட்டி. அதில் மண் சேர்ந்து, மண்ணில் பெரணி முளைத்து, பெரணிக்குள் மைனாக்கள் குடியிருக்கின்றன.

சிறுவயதில் அதை நாங்கள் உடைந்த பாலம் என்போம். மனிதர்கள் நடந்துபோக அது கட்டப்படவில்லை, தண்ணீர் போகக் கட்டப்பட்டது என்பது வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதைக் கேட்டு நான் அடைந்த வியப்பு இன்னும் முழுதாக அடங்கவில்லை.

இந்த ஊரின் தொடக்க காலத்தில் குடிநீர் கிணற்றிலிருந்தும் மாட்டுவண்டியிலும் வந்தது. கிரேத்தா ஆயர் என்று நாம் இன்றும் சொல்லும் வட்டாரத்தின் மலாய்ப் பெயர் அந்தத் தண்ணீர் வண்டிகளைக் குறிப்பதுதான். பிறகு தீவின் நடுவிலுள்ள மேட்டுக்காட்டில் நீரைத் தேக்கி, செங்கல் வாய்க்கால் வழியாக ஊருக்குள் கொண்டுவந்தார்கள். வழியில் இந்தக் கால்வாய் குறுக்கிட்டது. கடல் பொங்கும் நேரத்தில் உப்புநீர் இதற்குள் ஏறிவரும். இந்தப் பக்கமெல்லாம் அப்போது மாட்டுக்கொட்டகைகள். அவற்றின் கழிவும் இதில்தான் கலந்தது. நல்ல தண்ணீர் கெட்ட தண்ணீரைத் தொடாமல் அதைக் கடக்க வேண்டும். அதற்காக வளைவுகள் எழுப்பி, அவற்றின் தலையில் தொட்டி கட்டி, ஓடும் நீருக்கு மேலே இன்னொரு நீரை ஓடவிட்டார்கள். சிராங்கூன் பக்கத்துச் சூளைகளில் வெந்த கல் என்று சொல்வார்கள். சுமந்தவர்களிலும் அடுக்கியவர்களிலும் நம் ஆட்கள் இருந்திருப்பார்கள். யார் பெயரும் அதில் இல்லை. இரும்புக் குழாய்கள் மண்ணுக்கடியில் வந்ததும் தொட்டி வறண்டது. சாலை அகலமானபோது மற்ற வளைவுகள் போயின. எப்படியோ ஒன்று மட்டும் யார் கண்ணிலும் படாமல் தப்பியது.

அது கண்ணில் பட்டது, கால்வாயை ஆழப்படுத்தும் திட்டம் வந்தபோதுதான். பெருமழையில் எங்கள் பக்கம் அடிக்கடி வெள்ளம் தேங்குகிறது. திட்டம் தேவையானது என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. வளைவை இடிப்பதா, வைத்துக்கொள்வதா என்று குடியிருப்பாளர்களின் கருத்தைக் கேட்டார்கள். எங்கள் குடியிருப்புக் குழுவில் நானும் ஒரு தொண்டூழியர். குழுவின் செயலாளர் எங்கள் மாடியிலேயே இருப்பவர், நான் அண்ணன் என்று அழைப்பவர். வேலையை அவர் என் பக்கம் தள்ளிவிட்டார்.

“நீயே எழுது லா. எல்லாத்துக்கும் அஞ்சு பக்கம் எழுதற ஆளு நீதான். மேரேஜ் இன்விடேஷனுக்கே ஃபுட்நோட் போடுவ.”

“என்ன எழுதணும் அண்ணே?”

“வச்சிக்கணும்னு எழுது. சுத்தி ஒரு வேலி, ரெண்டு லைட், ஒரு போர்டு. சேஃபா இருக்கும், பாக்கவும் நீட்டா இருக்கும். இப்ப சண்டே ஆனா ஆளுங்க வந்து உட்கார்ந்துக்கறாங்க.”

அந்த ‘ஆளுங்க’ என்ற சொல்லில் எனக்கு மனம் நின்றது. அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் சமூகக் கொள்கை படித்தவள் நான். ஒரு முடிவு யார் வீட்டுக்கதவைப் போய்த் தட்டும் என்று முதலில் கேட்கச் சொல்லிக்கொடுக்கப்பட்டவள். வேலி போட்டால் வெளியே நிற்கப்போவது யார் என்று தெரியாமல் ஒரு வரியும் எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன்.

எங்கள் பக்கத்திலுள்ள தேக்காவில், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் விடுப்பில் கூடும் ஞாயிற்றுக்கிழமையை அறிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது வெறும் கூட்டம். உள்ளே ஓர் ஒழுங்கு இருக்கிறது. மன்னார்குடி ஆட்கள் ஒரு திடலில், அறந்தாங்கி ஆட்கள் ஒரு மரத்தடியில், இன்னோர் ஊர்க்காரர்கள் ஒரு படிக்கட்டில். ஊரிலிருந்து புதிதாக வந்திறங்கும் ஒருவன் தன் தாலுகாவின் பெயரைச் சொன்னால் போதும், அவன் உட்கார வேண்டிய இடத்தை யாராவது கைகாட்டிவிடுவார்கள். புல்லும் படியும் அங்கே முகவரிகள். எங்கள் வளைவும் அப்படி ஒரு முகவரியாக இருந்தது என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

அந்த ஞாயிறு மதியம் படம் எடுப்பதற்காகப் போனேன். வளைவின் அடியில், நிழல் விழுந்த இடத்தில், ஒரு கணவனும் மனைவியும் சுவரில் சாய்ந்து தோளோடு தோள் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் கைபேசியை நீட்டிப் பிடித்திருந்தார். அதிலிருந்து ஒரு சிறுமியின் குரல் கணீரென்று வந்தது. ஒதுங்கி நின்றேன். ஆனாலும் திரையின் ஓரத்தில் விழுந்துவிட்டேன் போலிருக்கிறது.

“அம்மா, நம்ம வீட்டு முன்னால ஆரு நிக்கா?”

இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு கணம் வந்த பதற்றம் எனக்கு அப்போது புரியவில்லை. உடனே சமாளித்துக்கொண்டு, “பக்கத்து வீட்டு அக்கா மக்களே,” என்றார்.

“விருந்துக்கு வந்தாவளா? காப்பி குடு.”

அழைப்பு முடிந்ததும் அந்தப் பெண் நிஜமாகவே எழுந்து ஒரு டப்பாவைத் திறந்து நீட்டினார். உள்ளே மரவள்ளிக்கிழங்கும் மீன்குழம்பும் இருந்தன. “காப்பி இல்ல மேடம். இது எடுத்துக்கிடுங்க. பிள்ள சொல்லிட்டால்லா.”

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள். கணவர் துவாஸ் பக்கத்தில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை செய்கிறார், தங்குவிடுதியில் இருக்கிறார். மனைவி சுவா சூ காங்கில் ஒரு வீட்டில் தங்கி, படுக்கையில் இருக்கும் ஒரு முதியவரைக் கவனித்துக்கொள்கிறார். ஒரே தீவில் இருந்தும் மனைவிக்கு விடுப்பு கிடைக்கும் ஞாயிறுகளில் மட்டும்தான் சந்திக்கிறார்கள். மகள் ஊரில் பெரியம்மாவிடம் வளர்கிறாள். முதல் முறை இந்த வளைவைப் பார்த்தபோது அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம்.

“எங்க மாத்தூர்ல தொட்டிப்பாலம் உண்டு மேடம். மலைக்கும் மலைக்கும் நடுவுல, அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கும். இதைப் பாத்ததும் இவங்க கிட்ட சொன்னேன், அதுக்க பேரப்பிள்ள இஞ்ச வந்து நிக்குண்ணு.”

“அண்ணைக்கிலேர்ந்து இதுக்கும் தொட்டிப்பாலம்னுதான் பேரு,” என்றார் கணவர். “எங்க பக்கத்து ஆளுவளுக்கு அப்படிச் சொன்னாத்தான் தெரியும். தொட்டிப்பாலத்துல நிக்கேன், வாண்ணு போன்ல சொல்லுவோம்.”

நகரத்தின் எந்த ஆவணத்திலும் பெயரில்லாத அந்தக் கட்டுமானத்துக்கு ஏற்கெனவே ஒரு பெயர் வைத்துவிட்டிருந்தார்கள். சரியான பெயரும் அதுதான்.

பிறகுதான், கொஞ்சம் தயக்கத்தோடு, அந்தப் பதற்றத்தின் காரணத்தைச் சொன்னார்கள். மகள் மிகச் சிறியவளாக இருந்தபோது இங்கிருந்து பேசியிருக்கிறார்கள். பின்னால் தெரிந்த சுவரைப் பார்த்து, “உங்க வீடு செங்கல் வீடா?” என்று கேட்டிருக்கிறாள். அடுத்த முறையும் அதே சுவர், அதே அப்பா, அதே அம்மா. அவளுக்குத் தீர்மானமாகிவிட்டது: அப்பாவும் அம்மாவும் சிங்கப்பூரில், மேலே வளைந்திருக்கும் ஒரு செங்கல் வீட்டில், ஒன்றாக இருக்கிறார்கள். மற்ற நாள்களில் தனித்தனியாகப் பேசும்போது ஒருவர் வேலைக்குப் போயிருக்கிறார் என்று அவளே எடுத்துக்கொண்டாள்.

“நாங்க சொல்லல்ல மேடம்,” என்றார் மனைவி. “அவளாத்தான் சொன்னா. நாங்க இல்லண்ணு சொல்லல்ல. அவ்வளவுதான்.”

கணவர் காலடியில் இருந்த புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தார். “பள்ளிக்கூடத்துல படம் வரைஞ்சிருக்கா. எங்க வீடுண்ணு. டீச்சர் கேட்டாவளாம், ஏன் கூரை வளைஞ்சிருக்குண்ணு. சிங்கப்பூர்ல அப்படித்தான் கெட்டுவாவண்ணு சொல்லியிருக்கா.”

சிரித்தோம். அவர்தான் முதலில் நிறுத்தினார்.

வீட்டுக்கு வந்து மனுவை எழுத உட்கார்ந்தேன். சாதாரணமாக எனக்கு இதில் சிரமம் இருப்பதில்லை. ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, இந்தப் பக்கம் நன்மை, அந்தப் பக்கம் தீமை என்று நிரப்பி, கனமான பக்கம் சாய்ந்துவிடுவேன். இம்முறை அது நடக்கவில்லை. இடிக்கட்டும் என்றால் நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு சாட்சி போகிறது. அதோடு ஒரு குழந்தையின் வீடும் போகிறது. காப்பாற்றி வேலி போட்டால் சாட்சி நிற்கும், வீடு பூட்டப்படும். அவர்களைப் பற்றி எழுதி இரக்கம் கேட்கலாமா? அவர்கள் என்னிடம் சொன்னது அதற்காக அல்ல. எழுதினால் அவர்கள் ஒரு வாதத்தின் உதாரணமாகிவிடுவார்கள்.

இறுதியில் இப்படி எழுதினேன்: கட்டுமானத்தை வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர்ப் பக்கம் பாதுகாப்புக்கு ஒரு கைப்பிடிக் கம்பி போதும். புல்வெளிப் பக்கம் திறந்தே இருக்க வேண்டும். வளைவின் அடி நிழல் மக்கள் உட்காரும் இடமாக இருந்துவருகிறது, அது அப்படியே தொடர வேண்டும். விளக்கப் பலகை வைத்தால் தமிழ்ப் பெயரும் அதில் இடம்பெற வேண்டும்.

அண்ணன் படித்துப் பார்த்தார். “வேலி எங்க?”

“வேண்டாம் அண்ணே.”

“வேண்டாமா? காரணம்?”

“ஒரு குடும்பம் அங்க இருக்கு.”

அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். நான் விளக்கவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு, “சரி லா, வேலிக்கு யாரு மெயிண்டெனன்ஸ் பாக்கறது,” என்று அவராகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு கையொப்பமிட்டார். அந்தப் பெருந்தன்மைக்கு நான் அவருக்கு இன்னும் நன்றி சொல்லவில்லை.

பதில் வந்தபோது மகிழ்ச்சி பாதிதான். வளைவை இடிக்கமாட்டார்கள். வேலியைப் பற்றிப் பிறகு முடிவெடுப்பார்கள். ஆனால் கால்வாயின் தரையைத் தோண்டும்போது வளைவு அசைந்துவிடாமல் முட்டுக்கொடுக்க வேண்டும்; ஆகவே வேலை முடியும்வரை சுற்றிலும் தகரத் தடுப்பு. வேலை எப்போது முடியும் என்பதை மழைதான் சொல்ல வேண்டும். பொறுப்பான, நியாயமான பதில். பொறியாளராக இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அந்த நியாயத்தால் அந்த வீட்டின் கதவை ஒரு நாள்கூட அதிகமாகத் திறந்துவைக்க முடியவில்லை.

கணவருக்குக் குரல்செய்தி அனுப்பினேன். அடுத்த விடுப்பு ஞாயிற்றில் மூவரும் தேக்கா சந்தையில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். அவர் ஏற்கெனவே ஒரு வழி யோசித்து வைத்திருந்தார்.

“வீடு மாறிட்டோம்ணு சொல்லுவோம். தேக்காவுல செங்கல் சுவருக்கா பஞ்சம்? நல்லதா ஒண்ணு பாத்துக்கிடலாம்.”

“மாறிட்டு?” என்றார் மனைவி. “புது வீட்டுக்க ரூமைக் காட்டுண்ணு கேப்பா. அடுப்பைக் காட்டுண்ணு கேப்பா. அதுக்கு எந்தச் சுவரைத் தேடுவிய? அவ இப்ப சின்னப்பிள்ள இல்ல.”

“உண்மையைச் சொல்லி அழ விடணும்ங்கியா?”

“நாளைக்கு வேற ஆராவது சொன்னா? பள்ளிக்கூடத்துல எவளாவது, உனக்க அம்மையும் அப்பனும் ஒண்ணா இல்லட்டீண்ணு சொன்னா? அப்பம் அழமாட்டாளா?”

கணவர் கரண்டியை எடுத்தார். டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார், சர்க்கரை எப்போதோ கரைந்திருந்தும். மனைவி என் பக்கம் திரும்பினார். “அக்கா, நீங்க படிச்சவிய. சொல்லுங்க.”

‘மேடம்’ அக்காவானது அப்போதுதான் என்பதைக் கவனித்தேன். அந்த மாற்றத்துக்குத் தகுந்த ஒரு பதிலைத் தர விரும்பினேன். விளைவுகளை எடைபோடுவது என் தொழில். பெரியவர்கள் மறைத்ததைப் பிள்ளைகள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். ஆனால் இது அவர்களுடைய குழந்தை. தவறாகிப்போனால் அந்த நாளைத் தூக்கிச் சுமக்கப்போவது நான் இல்லை.

“எனக்குத் தெரியலை,” என்றேன். “நீங்க எதைச் சொன்னாலும் நான் பக்கத்துல இருக்கேன்.”

மனைவி தலையசைத்தார். கணவரின் கையிலிருந்து கரண்டியை வாங்கிக் கீழே வைத்தார். “போவோம். அங்கேயே நிண்ணு சொல்லுவோம்.”

வளைவைச் சுற்றிப் புதிய தகரத் தடுப்பு பளபளத்தது. மேலே பெரணியின் நுனி மட்டும் தெரிந்தது. கையில் பிடித்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது என்று இருவரும் கைபேசியை என்னிடம் கொடுத்தார்கள். நான் தள்ளி நின்று நீட்டிப் பிடித்தேன்.

ஊரில் அது காலை நேரம். தலை பின்னாத சிறுமி திரையில் வந்தாள். முதல் கேள்வியே அதுதான். “வீடு எங்க? வெளியில நிக்கியளா?”

மனைவி சொல்லத் தொடங்கினார். சுற்றிவளைக்கவில்லை. “மக்களே, நாங்க எப்பவும் இருந்து பேசுவோம்லா, அது வீடு இல்ல. அது ஒரு பழைய தொட்டிப்பாலம். நம்ம மாத்தூர்ல இருக்குல்லா, அதுமாதிரி. பண்டு தண்ணி ஓடுனது. நானும் அப்பாவும் அங்க சும்மா வந்து இருந்து உனக்கிட்ட பேசுவோம். அம்மா வேலை செய்யுத வீட்டுலயே ஒறங்குவேன். அப்பா வேற இடத்துல ஒறங்குவாவ. அப்படித்தான் இருக்கோம்.”

திரையில் எதுவும் அசையவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பின்னாலிருந்து பெரியம்மாவின் குரல், “என்னட்டி, மிண்டாம நிக்க?” என்று கேட்டது. சிறுமி மெல்லக் கேட்டாள்:

“ரெண்டு பேரும் சண்டையா?”

அந்தக் கேள்வி வரும் என்று எங்கள் மூவரில் ஒருவரும் நினைத்திருக்கவில்லை. வீடு பொய்யென்று அழுவாள், ஏமாற்றினீர்கள் என்று கோபிப்பாள் என்று எதிர்பார்த்து நின்றோம். அவளுக்கு வீட்டைப் பற்றிய கவலையே இல்லை. அவள் வகுப்பில் யாருடைய பெற்றோரோ சண்டையிட்டு வெவ்வேறு வீடுகளுக்குப் போய்விட்டார்களாம். வெவ்வேறு இடத்தில் உறங்குவதற்கு அவளுக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான்.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். கணவர்தான் குனிந்து திரைக்கு அருகே வந்தார்.

“சண்டை போடணும்னா ஒரு வீட்டுல இருக்கணும்லா மக்களே. எங்களுக்கு அதுக்கு எங்க நேரம்? உனக்க அம்மைக்கு ஏசணும்னாக்கூட ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்துக் கிடக்கணும்.”

“வந்ததும் ஏசுவாளா?”

“வந்ததும் சோறு தருவா. பொறவு ஏசுவா.”

சிறுமி யோசித்தாள். நம்புவதா வேண்டாமா என்று கணக்குப் பார்க்கும் முகம். “அப்பம் பக்கத்துல இருங்க, பாக்கட்டு.”

“இருக்கோம்லா மக்களே.”

“நிக்கிய. இருங்க. நல்லா இருங்க.”

உட்கார இடமில்லை. தடுப்பின் ஓரத்தில் சேறு. நாங்கள் நடக்க ஆரம்பித்தோம். நான் கைபேசியை வெளிப்பக்கம் திருப்பிப் பிடித்து அவளுக்கு வழியைக் காட்டிக்கொண்டே வந்தேன். கால்வாயின் ஓரத்துப் பலகையை அவள் வேண்டாம் என்றாள், வெயிலாம். ஒரு கடையின் வாசற்படியை வேண்டாம் என்றாள்; ஆட்கள் போவார்கள், வருவார்கள். மூடிய கதவொன்றைப் பார்த்து, “அது ஆருக்க வீடோ,” என்று ஒதுக்கினாள். முன்னால் நடந்த அவள் பெற்றோர் ஒவ்வொரு இடத்திலும் நின்று, தீர்ப்புக்குக் காத்திருந்து, மறுபடி நடந்தார்கள். தெருவில் எதிர்ப்பட்ட ஊர்க்காரர் ஒருவர், “என்னடே, வீடு பாக்க இறங்கிட்டியளா?” என்று கேட்டார். “ஆமாண்ணே, மொவ பாக்கா,” என்றார் கணவர்.

எங்கள் புளோக்கின் திறந்த கீழ்த்தளத்துக்கு வந்தபோது அவள் நிறுத்தச் சொன்னாள். தூணைச் சுற்றி ஒரு சிமெண்டுத் திண்டு. சுவர் செங்கல் அல்ல, வெறும் வெள்ளைச் சுண்ணாம்பு. காற்று மட்டும் நன்றாக வரும்.

“அங்க இருங்க.”

உட்கார்ந்தார்கள்.

“இன்னும் பக்கத்துல.”

மனைவி நகர்ந்தார். கணவர் கூச்சத்தோடு சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, தன் கையை அவர் தோளில் வைத்தார். மனைவி அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. அப்படியே இருவரும் தங்கள் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெகுநேரம் நீட்டிப் பிடித்ததில் என் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. திரையிலிருந்து கண்டிப்பான குரல் வந்தது.

“ஆன்ட்டி, ஆட்டாம புடிங்க. எனக்கு ரெண்டு பேரும் தெரியணும்.”

மறு கையால் தாங்கிக்கொண்டு, ஆட்டாமல் பிடித்தேன்.